மழை கொண்டுபோன அழுக்கு யாருடையது?

ஓர் ஆலயத்தின் பெருமையை மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றினாலும் எடுத்துரைப்பது சைவ மரபாகும். இம்மூன்றினுள் மூர்த்திக்கும் தலத்துக்கும் ஊரார் செய்யும் பணிகள் எல்லோர் கண்ணுக்கும் தெரிவன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாலஸ்தாபனமும் கும்பாபிஷேகமும் நடைபெறுகின்றன. இடையிடையே மண்டபம், மணிக்கோபுரம், சுற்றுமதில், தேர்முட்டி என்று ஏதாவதொரு திருப்பணி நடந்துகொண்டேயிருக்கும். உபயகாரர் பெயர் கல்லிலே பொறிக்கப்படும். தீர்த்தத்துக்கு மட்டும் அப்படியொரு கல்லைக் காண்பது அரிது. தீர்த்தத் திருவிழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது கேணியை இறைத்து, பாசியை வழித்து, படிகளுக்குச் சுண்ணாம்பு பூசுவதோடு அந்த ஆண்டுக்கான கடன் முடிந்துவிடுகின்றது. கேணிக்கு நீர் எங்கிருந்து வருகின்றது, வரும் வழியில் எதையெல்லாம் தொட்டுக்கொண்டு வருகின்றது என்ற கேள்வி பரிபாலன சபைக் கூட்டங்களில் எழுவதில்லை.

அந்த நீர் மழையிலிருந்து வருகின்றது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வானத்திலிருந்து நேரே கேணிக்குள் விழும் மழை கொஞ்சம்தான். மீதியெல்லாம் ஊரின் கூரைகளிலும் முற்றங்களிலும் ஒழுங்கைகளிலும் தோட்டங்களிலும் விழுந்து, வெள்ளவாய்க்கால் வழியே மதவுகளுக்குக் கீழால் ஓடி, குளத்துக்கும் கேணிக்கும் வந்து சேர்வது. எனவே தீர்த்தம் என்று தலையில் தெளித்துக்கொள்ளும் நீர் ஊர் முழுவதையும் கழுவி வந்த நீராகும். ஊர் சுத்தமாயிருந்தால் அது தீர்த்தம். இல்லாவிட்டால் அதற்கு மந்திரம் சொல்லும் குருக்கள் தான் என்ன செய்வார்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்தில் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக அராலியை நோக்கிச் செல்லும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஆறு. கோடையில் அது மாடு மேயும் தரவை. பெய்யும் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்து முடிந்துவிடுகின்றது. அதனை மறித்து வைக்கவே முன்னோர் ஊருக்கு ஊர் குளங்களைத் தோண்டி, வயலுக்கும் குளத்துக்கும் கோயிலுக்கும் இடையே வாய்க்கால்களை இழுத்து வைத்தனர். நிலத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்புகளும் பொந்துகளும் நிறைய உண்டு. மணலைப் போல வடிகட்டித் தரும் இயல்பு அதற்கு இல்லை. குளத்தில் நின்ற நீர் இறங்கிக் கிணற்றில் ஊறுகின்றது. குளத்தில் விழுந்த அழுக்கும் அதே வழியால் இறங்குகின்றது. கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலே நன்னீர் ஊறுவது இறைவன் தந்த அதிசயம் என்று அடியார்கள் கைகூப்புவர். அந்த நன்னீர், உள்ளூர்களில் நிலத்துக்குள் இறங்கிய மழைநீர் கல்லின் வெடிப்புகள் வழியே கடலை நோக்கி வந்து வெளிப்படுவதாகும். ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் கழிக்க அங்கே மூழ்குபவர், தன் தோட்டத்தில் முந்திய மாரியில் பெய்த மழையிலும் ஒரு துளி அதில் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

அளவையும் கொஞ்சம் பார்க்கலாம். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 1 லீற்றர் நீர். ஓர் ஏக்கருக்குப் 16 பரப்பு என்ற கணக்கில் 2 பரப்பு வளவு ஏறத்தாழ 500 சதுர மீற்றர். மாரியில் ஒருநாள் 50 மில்லிமீற்றர் மழை பெய்வது புதினமில்லை. அன்று அந்த ஒரு வளவில் விழும் நீர் 25,000 லீற்றர். முன்பெல்லாம் அதில் பெரும்பகுதி வளவிலேயே சுவறியது. கிடுகு வேலிக்குக் கீழால் வடிந்ததும் மெல்லத்தான் வடிந்தது. இப்போது முற்றத்துக்குச் சீமெந்துக் கல் பதித்து, சுற்றிவர மதில் கட்டி, நீர் வெளியேற மதிலில் ஓர் ஓட்டை வைத்தாயிற்று. அந்த ஓட்டையால் ஒழுங்கைக்குப் பாயும் வெள்ளம், வளவுக்குள் என்ன இருந்ததோ அத்தனையையும் ஊருக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டுப் போகின்றது.

அது கொடுப்பது என்ன? ஒழுங்கைக் கரையில் போட்ட பொலித்தீன் பையும் சவர்க்காரத்தூள் பைக்கற்றும் எல்லோருக்கும் தெரிந்தவை. கண்ணுக்குத் தெரியாதவை அதைவிடக் கூடுதல். மோட்டார்ச் சைக்கிளுக்கு ஒயில் மாற்றும்போது மண்ணில் ஊற்றிய கழிவொயில், மாட்டுக்கொட்டிலின் பின்னால் மூடாமல் கிடக்கும் எருக்குவியல், நிறைந்து கசியும் மலசலகூடக் குழி, வெங்காயத்துக்கு வீசிய யூரியாவில் பயிர் எடுக்காமல் எஞ்சியது, மருந்தடித்த தாங்கியை வாய்க்கால் ஓரத்தில் கழுவிய நீர். இவற்றுள் பெரும்பகுதியை முதல் மழையே அள்ளிச் சென்றுவிடும். இது பழைய மனிதருக்குத் தெரிந்த செய்திதான். பீலியால் வடியும் மழைநீரைக் குடிக்கப் பிடிப்பவர்கள் முதல் மழைக்குப் பாத்திரம் வைக்கமாட்டார்கள். கூரை கழுவுப்படட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு வரும் நீரையே பிடிப்பார்கள். கூரைக்குத் தெரிந்த இந்த நியாயம் ஊருக்கும் பொருந்தும். ஊரின் முதல் மழை நேரே குளத்துக்குத்தான் போகின்றது.

இவ்விடத்தில் ஒரு காலக்கணக்கும் உண்டு. குடாநாட்டுக் கோயில்களில் பலவற்றின் மகோற்சவம் வைகாசியிலிருந்து ஆவணிக்குள் நடந்து முடிகின்றது. மழை ஐப்பசியில் வருகின்றது. திருவிழாவில் எறிந்த குவளை மூன்று மாதம் வாய்க்காலில் வரண்டு கிடந்து, எறிந்தவர் மறந்த பிறகே குளத்துக்குப் போகின்றது. செயலுக்கும் பயனுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருப்பதால் ஒன்றை மற்றதன் பயன் என்று எவரும் நினைப்பதில்லை. வினை விதைத்த நாளிலேயே முளைத்துவிடாது என்பதைச் சைவசித்தாந்தம் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று வகுத்துச் சொல்கின்றது. பிறவிகளுக்கிடையே நிகழும் அந்தக் கணக்கை ஏற்றுக்கொள்ளும் மனம், ஆவணிக்கும் ஐப்பசிக்கும் இடையிலான கணக்கை மட்டும் ஏற்கத் தயங்குவது விந்தையே.

சரி, அந்த அழுக்கு யாருடைய வினை? இதற்கு ஊரிலே மூன்று மறுமொழிகள் வழங்குகின்றன.

முதலாவது, “எறிந்தது என் படலைக்கு முன்னால்தான், குளத்துக்குக் கொண்டுபோனது மழை” என்பது. இதற்கு நீண்ட விடை தேவையில்லை. கீழ்த்திசைக் காற்று வீசும் நாளில் பக்கத்து வேலியோரம் நெருப்பு மூட்டிவிட்டு, வீட்டை எரித்தது காற்றுத்தான் என்று சொல்பவரை எந்த ஊரும் மன்னிப்பதில்லை. மழை பள்ளத்துக்கு ஓடும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும்.

இரண்டாவது, “தெரியாமல் நடந்தது” என்பது. இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. உண்மையிலேயே பலருக்குத் தெரியாது. கழிவொயில் மண்ணுக்குள் போய்விட்டால் போய்விட்டதுதான் என்று நினைப்பவர் கெட்டவர் அல்லர். ஆனால் தெரியாமற் செய்ததற்குப் பயன் இல்லை என்று சைவம் சொல்லவில்லை. திருமறைக்காட்டுக் கோயிலில், விளக்கிலே நெய் உண்ண வந்த எலி ஒன்று தற்செயலாகத் திரியைத் தூண்ட, அந்தப் புண்ணியத்தால் அடுத்த பிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது என்பது புராண வரலாறு. எலிக்கு விளக்கேற்றும் எண்ணம் இருக்கவில்லை. ஆயினும் அது அபுத்திபூர்வ சிவபுண்ணியம், அதாவது அறியாது செய்த புண்ணியம், எனக் கணக்கில் சேர்ந்தது. அறியாமற் செய்த நன்மைக்குப் பயனை எதிர்பார்ப்பவர், அறியாமற் செய்த தீமைக்கு மட்டும் விதிவிலக்குக் கேட்கலாமா?

பெரியபுராணத்தில் திருவாரூரின் சிறப்பைச் சொல்லும் இடத்திலே மனுநீதிச் சோழர் வரலாறு வருகின்றது. அரசகுமாரன் பசுக்கன்றைக் கொல்ல எண்ணித் தேர் செலுத்தியவன் அல்லன். கன்று தானாகவே தேர்க்காலில் வந்து அகப்பட்டது. அமைச்சர்கள் அதைத்தான் சொன்னார்கள். வேதம் வல்லோர் விதிக்கும் பிராயச்சித்தம் போதும் என்றார்கள். அரசர் ஒப்பவில்லை. மகன் என்ன எண்ணினான் என்பதிலிருந்து அவர் தொடங்கவில்லை. வாசலில் நின்று மணியை அசைத்த பசுவின் துயரிலிருந்து தொடங்கினார். அவருடைய தண்டனையை ஊர்வழக்குகளுக்கு எவரும் அளவுகோலாகக் கொள்ள முடியாது, கொள்ளவும் கூடாது. ஆனால் அவர் தொடங்கிய இடம் சரியான இடம். வாய்க்காலின் மேல்முனையில் நிற்பவரின் நல்லெண்ணத்தைப் பற்றிப் பேசுமுன், கீழ்முனையில் அந்த நீரை அள்ளுபவரைப் பார்க்கவேண்டும்.

அவர் யார் என்பதும் சொல்லப்படவேண்டிய ஒன்றே. ஊரிலே மேட்டுக்காணி வாங்க வசதி இல்லாதவர்களே பெரும்பாலும் பள்ளத்திலும் குளத்தோரத்திலும் வாய்க்கால் கரையிலும் குடியிருக்கிறார்கள். 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த பெருமழையில் வெள்ளம் முதலில் புகுந்தது இத்தகைய வீடுகளுக்குள்தான். மேட்டு வீட்டின் மலசலகூடக் கசிவும் மாட்டுக்கொட்டில் நீரும் வந்து சேர்வது அவர்களின் கிணற்றடிக்கு. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வெள்ளத்தின் பின் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களும் போயின. எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் கால் வைத்தவரின் காலிலுள்ள சிறு புண் வழியாகவே அக்கிருமி உடலுக்குள் புகுகின்றது. எலியைப் பெருக்குவது ஒழுங்கைக் கரையில் கொட்டிய சாப்பாட்டுக் கழிவு. கொட்டியவர் வீட்டுக்குள் இருந்தார். சேற்றில் இறங்கியவர் வயலுக்குப் போனவர். ஒருவர் செய்ய மற்றவர் அனுபவிக்கும் இந்த நிலைதான் இவ்விடயத்தை வெறும் சுகாதாரப் பிரச்சினை என்ற எல்லைக்குள் நிறுத்தாமல் அறத்தின் பக்கம் கொண்டுவருகின்றது.

மூன்றாவது மறுமொழிதான் மிகவும் வலியது. “ஊரிலே நூறு வீடு. என் வீட்டு அழுக்கு எவ்வளவு? நான் ஒருவன் நிறுத்தினால் குளம் சுத்தமாகிவிடுமா?” சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் ஒருவர் நிறுத்தினால் குளத்தில் வித்தியாசம் தெரியாது என்பது உண்மை. நூறு பேரும் இதே உண்மையைச் சொல்லிக்கொண்டிருப்பதால்தான் குளம் கெட்டது என்பதும் உண்மை. ஒரு குற்றத்தை நூறு பேர் பங்கிட்டால் ஆளுக்கு நூற்றில் ஒரு பங்கு என்று கணிதம் சொல்லும். ஆனால் பாவம் காணி உறுதி போலப் பங்கு பிரியும் பொருளன்று. அன்னதானத்துக்கு நூறு வீடுகளில் அரிசி சேர்க்கும்போது, புண்ணியத்தில் தனக்கு நூற்றில் ஒன்றுதான் என்று எந்த வீட்டாரும் எண்ணுவதில்லை. முழு அன்னதானத்தின் புண்ணியமும் தம் வீட்டுக்கு வந்ததாகவே மகிழ்கிறார்கள். அப்படி மகிழ்வது தவறும் அன்று. கொடுக்கும் அரிசியில் முழுமையைக் காணும் மனம், ஊற்றும் கழிவில் மட்டும் பின்னத்தைத் தேடுகின்றது.

சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் கழிவொயில் கலந்த விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற நெறியின்படி, மின்னுற்பத்தி நிறுவனம் ஒன்று பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா வழங்கவேண்டும் என 2019 இல் தீர்ப்பாயிற்று. அங்கே சுட்டுவதற்கு ஒரு பெயர் இருந்தது. ஊர் வாய்க்காலின் அழுக்குக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. ஊரின் வாக்காளர் இடாப்புத்தான் அதன் பெயர்ப்பட்டியல். எந்த நீதிமன்றமும் நூறு வீட்டாரைக் கூண்டில் ஏற்றாது. பொதுச்சுகாதாரப் பரிசோதகர் நுளம்பு பெருகும் வளவுக்கு வழக்கு வைப்பார்; முதல் மழை கொண்டுபோன கலவையில் எது எவருடையது என்று அவராலும் பிரித்தறிய முடியாது. சட்டத்தின் கை எட்டாத இடம் இது. இங்கே மனச்சாட்சி இல்லாவிட்டால் வேறொன்றும் இல்லை.

விவசாயியின் நிலையை இங்கே நியாயமாகப் பார்க்கவேண்டும். குடாநாட்டின் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. பாற்குடி மாறாத குழந்தைகளுக்கு அது கேடானது. கொதிக்கவைத்தாலும் அது போகாது; நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். பசளை போடவேண்டாம் என்று வெங்காயத் தோட்டக்காரரிடம் சொல்வது, பிள்ளைகளுக்குச் சோறு போடவேண்டாம் என்பதைப் போன்றது. ஆனால் மழை மூட்டம் தெரியும்போது யூரியா வீசுவதால் பயிருக்கும் பயனில்லை, பணமும் வாய்க்காலோடு போகின்றது. கையளவைக் குறைத்து இரண்டு மூன்று தடவையாக இடுவதும், மருந்துத் தாங்கியைத் தோட்டத்துக்குள்ளேயே கழுவி, அந்த நீரைப் பயிருக்கே விசிறிவிடுவதும் அவருக்கு நட்டமில்லாத காரியங்கள். அறம் என்பது எப்போதும் இழப்போடுதான் வரவேண்டும் என்று யார் சொன்னது?

கோயிலும் இந்தக் கணக்கிலிருந்து விலகி நிற்க முடியாது. இதைக் கோயில் மலரிலேயே எழுதுவது சிலருக்கு மனவருத்தம் தரலாம். அப்பூதியடிகள் அப்பர் சுவாமிகளின் பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைத்த வரலாற்றைக் கேட்டு வளர்ந்த ஊர்களில், தேர்த் திருவிழாவன்று மூலைக்கு மூலை தண்ணீர்ப்பந்தல் நிற்பது பெருமைக்குரியது. ஆனால் அடியவரின் தாகம் தீர்த்த குவளை வீதியில் விழுந்து வாய்க்காலுக்குப் போனால், ஒரு கையால் தண்ணீர் கொடுத்து மறு கையால் தண்ணீரைக் கெடுத்ததாக முடியும். பித்தளைச் செம்பிலே மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வார்த்த காலத்தில் தண்ணீர்ப்பந்தல் அடியில் குப்பை இருக்கவில்லை. உணவு சுற்றும் பொலித்தீன் தாளை 2017 செப்டெம்பரில் அரசாங்கம் தடைசெய்தது. அன்னதான மடங்களில் வாழையிலையே போதும் என்று தீர்மானிக்க அரசாங்கத்தின் தடை தேவைப்பட்டிருக்கக் கூடாது. மடப்பள்ளிக் கழுவுநீர், பால் தயிர் அபிஷேகம் வடியும் கோமுகை நீர், பூசைக்குப் பின் குவியும் மாலைகள், கிழிந்த சுவாமி படங்கள், எண்ணெய் ஊறிய திரிகள் எல்லாம் எங்கே போகின்றன என்று ஒருமுறை மதிலின் பின்பக்கம் போய்ப் பார்த்தாலே போதும். பல கோயில்களில் மேற்கு மதிலுக்கு வெளியே இருப்பது ஒரு வாய்க்கால்.

ஆறுமுக நாவலர் அவர்கள் சைவ வினாவிடையிலே கோயிலுக்குள் எச்சில் உமிழ்தல் முதலியவற்றைக் குற்றங்களாக எழுதி வைத்தார்கள். மலசலம் கழிக்கத் தகாத இடங்களுள் நீர்நிலையையும் நீர்க்கரையையும் சேர்த்தார்கள். இந்த விதியை அறியாத சைவர் இல்லை. குளத்துக்குள் நேரே குப்பை கொட்டுபவரும் இன்றைக்கு அரிது. பிரச்சினை வேறிடத்தில் உள்ளது. ஆனி மாதத்தில் வெடித்து வரண்டு கிடக்கும் வாய்க்கால் நீர்நிலையா? பார்ப்பவர் கண்ணுக்கு அது வெறும் பள்ளம். குப்பை கொட்ட வசதியான பள்ளம். நான்கு மாதம் கழித்து அதில் ஓடப்போகும் நீரை இன்றே அங்கே காண்பவருக்குத்தான் அது நீர்க்கரை. வரண்ட வாய்க்காலையும் நீராகவே கருதவேண்டும் என்பதே இவ்விடயத்தில் ஊருக்குத் தேவையான ஒரே ஆசாரம் எனலாம். மற்ற எல்லாம் அதிலிருந்து தாமே வரும்.

ஆனால் சின்ன ஊரில் இதனை ஒருவர்க்கொருவர் சொல்வது எளிதன்று. பட்டினத்தில் அயலார் மேல் முறைப்பாடு எழுதிப் போட்டுவிட்டு இருக்கலாம். ஊரில் அயலவர் மாமனாகவோ மச்சானாகவோ இருப்பார். அல்லாவிடில் பிள்ளைக்குப் படிப்பித்த வாத்தியாராக இருப்பார். “உங்கள் மாட்டுக்கொட்டில் தண்ணீர் கேணிக்குப் போகுது” என்று சொன்னால் அடுத்த நாள் ஒழுங்கையில் முகம் கொடுக்கமாட்டார். இந்த முகத்துக்கு அஞ்சியே பல ஊர்களில் குளங்கள் தூர்ந்துபோயின. இதற்கு ஊர்கள் முன்பே கண்ட வழி, குற்றம் நடக்குமுன் பொதுவிதி வைப்பது. கொடியேறினால் ஊரில் மச்சம் காய்ச்சுவதில்லை என்பது ஒருவரைச் சுட்டிச் சொன்னதன்று. ஆதலால் எவர் முகமும் கறுப்பதில்லை. அதுபோலப் புரட்டாதிச் சனி ஒன்றைக் குறித்து, அன்று ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் மதில் நீளத்துக்கு வாய்க்காலைத் துப்புரவாக்குவது என்று கோயிற் கூட்டத்தில் முடிவெடுத்தால், சொல்லவேண்டியதை நாள் சொல்லிவிடும். தன் மதிலோரத்தைத் தன் கையால் வாரும்போது அங்கே கிடப்பது எவருடையது என்பது அவருக்கே தெரியும். வேறொருவர் சொல்ல வேண்டியதில்லை.

செய்யவேண்டிய வேலைகளும் பெரிய செலவுடையன அல்ல. வாய்க்கால் குளத்துக்குள் விழும் இடத்துக்குச் சற்று முன்னே ஒரு வண்டற்குழி வெட்டினால் வெள்ளத்தின் வேகம் அங்கே தணிந்து மண்ணும் கனத்த குப்பையும் தங்கிவிடும். குழியின் வாயில் ஒரு கம்பிவலை இருந்தால் பொலித்தீன் அதில் மாட்டும். குழியிலிருந்து குளம் வரையான துண்டுக்குச் சீமெந்து பூசாமல் புல்லையும் கோரையையும் வளரவிட்டால் அவை நுண்ணிய அழுக்கையும் பசளை நீரையும் பிடித்துக்கொள்ளும். வாய்க்காலுக்குச் சீமெந்து போடுவதை அபிவிருத்தி என்று எண்ணும் வழக்கம் ஒன்று உண்டு. அது வெள்ளத்தை விரைவில் கடத்தும், அழுக்கையும் அதே விரைவில் கடத்தும். எருக்குவியலை வாய்க்கால் பக்கமிருந்து மாற்றி மழைக்குமுன் கிடுகால் மூடினால் எருவும் வீணாகாது. கழிவொயிலுக்குச் சனசமூக நிலையத்தடியில் ஒரு தகரம் வைத்து, நிறைந்ததும் அதனை மீள எடுப்பவரிடம் ஒப்படைக்கலாம். மதிலடியால் நீரை ஒழுங்கைக்கு விடுவதற்குப் பதிலாக, வளவின் மூலையில் கல்லும் சல்லியும் நிரப்பிய ஒரு குழிக்குள் கூரைநீரை இறக்கினால் கிணறும் ஊறும். கோடையில் குளத்தை வாரி எடுத்த மண்ணைத் தோட்டத்துக்குப் போடுவது பழைய வழக்கம். மண்ணில் பொலித்தீனும் கண்ணாடியும் கலந்த பிறகே தோட்டக்காரர் அதனை வேண்டாமென்றனர். அதனோடு குளம் வாருவதும் நின்றது.

“இதெல்லாம் ஆகிற காரியமா?” என்பவர்களுக்குத் தண்டியடிகள் நாயனாரின் வரலாறு நினைவுக்கு வரவேண்டும். அவர் பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவர். திருவாரூர்க் கோயிலின் மேற்கே இருந்த திருக்குளம், கரைகள் நெருங்கி இடம் குறுகிக் கிடந்தது. அவர் குளத்தினுள்ளே ஒரு தறியும் கரையிலே ஒரு தறியும் நட்டு, இரண்டுக்கும் கயிறு கட்டி, அதைத் தடவித் தடவி இறங்கி மண்ணை வெட்டிக் கூடையில் எடுத்து, அதே கயிற்றைத் தடவி ஏறிக் கரையில் கொட்டினார். பக்கத்திலிருந்தவர்கள் தோண்டினால் சிற்றுயிர்கள் மடியும் என்று வாதாடினார்கள். அவர் குருட்டுத்தன்மையை இகழ்ந்தார்கள். இறைவன் அவருக்குக் கண் கொடுத்த அற்புதத்தையே அடியார்கள் பெரிதும் போற்றுவர். அற்புதத்துக்கு முன்னர் அவர் எத்தனையோ முறை ஏறி இறங்கிய அந்தக் கயிற்றைப் பற்றிச் சொற்பொழிவுகளில் அதிகம் பேசப்படுவதில்லை. குளத்தைச் சுருக்கியவர் அவர் அல்லர். அதன் கரை நெருங்கியதில் அவருக்கு ஒரு பங்கும் இல்லை. சுருக்கியவரைத் தேடி அவர் போகவுமில்லை.

முதல் மழை விட்ட மறுநாட் காலையில் வண்டற்குழியை வாரவேண்டும். அடுத்த மழைக்குள் வாராவிட்டால் குழி நிறைந்து எல்லாம் குளத்துக்குப் போய்விடும். மண்வெட்டியோடு இறங்குபவரின் கூடையில் சவர்க்காரத்தூள் பைக்கற்று, பள்ளிக்கூடப் பிள்ளையின் பேனை, பசளைப் பை, திருவிழாக் குவளை, அறுந்த செருப்பு எல்லாம் சேற்றோடு ஒன்றாக வரும். அவர்களில் யாராவது நின்று அவற்றைப் பிரித்து, இது எந்த வீட்டது என்று விசாரிக்கத் தொடங்கினால் அன்றைக்குக் குழி வாரி முடியாது. பன்னிரண்டு மணிக்குள் மேற்கே திரும்பவும் இருண்டுகொண்டு வரும்.